வன்னிக்கு வரப்போகும் தாதிக்கு ஒரு தெரிவுப் பாடம்

போன கிழமை தாதியப் பட்டப்படிப்பின் இறுதி வருடத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, தெரிவுப் பாடம் ரெண்டு எடுக்கவேணும். எது எடுத்தால் பிறகு உதவும்?" பதில் எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். பாடத்திட்டக் கூட்டங்களில் இருக்கும் ஆசிரியர்கள் சிலரும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

நான் படித்த காலத்தில் பட்டியலில் ஐந்து தெரிவுப் பாடங்கள் இருந்தன. படிப்பிக்க ஆள் இருந்தது இரண்டுக்குத்தான். எடுக்கவேண்டியதும் இரண்டு. ஆகவே முழு வகுப்பும் அந்த இரண்டையும் எடுத்தோம். அதில் ஒன்று தாதியத் தகவல் தொழில்நுட்பம். நல்ல பாடம், நன்றாகவே படிப்பித்தார்கள். ஆனால் முதல் நியமனம் கிடைத்து நான் வந்து சேர்ந்த வன்னி வைத்தியசாலையில் நோயாளர் குறிப்பெல்லாம் கையால்தான் எழுதினோம். அங்கே எனக்குத் தேவைப்பட்டவை வேறு.

ஒரு பின்னேரம் ஈ.ரி.யூ.வுக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, ஒரு அண்ணையைக் கொண்டுவந்தார்கள். 2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். தலை வெடிக்கிற மாதிரி வலி. முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டுகிறது. பிரஷர் 200க்கு மேல். நான் டொக்டருக்குக் கோல் எடுத்துவிட்டு பிரஷர் குளிசையைத் தேடி ஓடப் பார்த்தேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பிள்ளை, முதல் ரியூப்பைப் பாருங்கோ. எங்கையோ அடைச்சிட்டுது."

சலம் வடியும் கதீற்றர் குழாய் சக்கர நாற்காலியின் ஓரத்தில் மடிந்து கிடந்தது. நிமிர்த்தி விட்டதும் பை நிரம்பத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. டொக்டர் வந்து சேர்ந்தபோது அண்ணை தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

முள்ளந்தண்டு வடம் மார்புப் பகுதியின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு இது எப்போதும் வரலாம். சலப்பை நிரம்பினால் போதும், மலம் இறுகினால் போதும், கால் நகம் சதைக்குள் வளர்ந்து குத்தினால்கூடப் போதும். அந்த நோவு மூளை வரை போய்ச் சேராது. ஆனால் கீழ் உடம்பு தன்பாட்டில் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், பிரஷர் விர்ரென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். உடனே நிமிர்த்தி இருத்தவேண்டும், உடுப்பைத் தளர்த்தவேண்டும், கதீற்றரைப் பார்க்கவேண்டும். இது எனக்கு வகுப்பில் வராத விடயம் இல்லை. ஒரு ஸ்லைட்டில் ஒரு வரியாக வந்தது. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியும் இருக்கிறேன். ஆள் முன்னால் வந்தபோது ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அண்ணையின் மனைவியான அந்த அக்காவிடம் நான் கற்றது கொஞ்சமில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்போது காற்று மெத்தை இரவில் வற்றிப்போகும். அக்கா போனில் அலாரம் வைத்து எழும்பி எழும்பித் திருப்பினார். அந்த மாதங்களிலும் அண்ணைக்கு ஒரு படுக்கைப்புண் வரவில்லை. எங்கள் வாட்டில் வந்து படுத்தவர்களுக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று. புண் தொடங்குமுன் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளிறாது என்று புத்தகத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பது வெள்ளைக்காரத் தோல். அண்ணையின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அக்கா புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். சரியான முறையே அதுதான். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இப்படியான வீடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் இருக்கின்றன. கால் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வயது வந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒற்றைக் காலையும் காப்பாற்றவேண்டிய நிலை. தலைக்குள் ஷெல் துண்டோடு வலிப்புக் குளிசை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மாமாருக்கும் மனைவிமாருக்கும் வயது போகிறது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்னும் கொஞ்சக் காலத்தில் தாதிய மாணவர்களாகப் பல்கலைக்கழகம் வரப்போகிறார்கள். அவர்களுக்கு அந்த நாட்கள் தெரியாது, தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் காயப்பட்ட உடம்புகளை அவர்கள்தான் இனிப் பராமரிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுப்பது?

அதனால்தான் கேட்கிறேன்: வடக்கில் நடக்கும் தாதியப் பட்டப்படிப்பில் "நீண்டகால ஊனமுற்றோருக்கான வீட்டுப் பராமரிப்பு" என்று ஒரு தெரிவுப் பாடம் வேண்டும். எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். இரண்டு கிரெடிட் என்றால் 100. அதில் 20 மணித்தியாலம் வகுப்பறையில் போகட்டும். மிச்சம் முழுக்க வீடுகளிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், செயற்கைக் கால் பொருத்தும் இடங்களிலும் நடக்கட்டும். ஒரு மாணவிக்கு ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தை அரையாண்டு முழுக்க அவள் பின்தொடரவேண்டும். பரீட்சைக்குப் பதிலாக அந்த ஆளின் பராமரிப்புத் திட்டத்தை அவள் எழுதட்டும். அதற்குப் புள்ளி போடும்போது வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது பாடம் எது என்று தங்கச்சி கேட்டால் பாம்புக்கடி என்பேன். காலபோக நெல் வெட்டு நேரம் வாட்டில் நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியும். புடையன் கடித்து வந்தால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்க்கவேண்டும். கழுவிய சவர்க்காரம் ஒட்டியிருந்தாலும் முடிவு பிழைக்கும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும் பிழைக்கும். கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில் நிலத்தில் பாயில் படுத்தவரைக் கடிக்கும். கடித்த இடம் தெரியாது, நோவும் இருக்காது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று வருவார்கள். "வாய்வு" என்று நினைத்து அனுப்பிவிட்டால், கொஞ்ச நேரத்தில் கண்ணிமை கீழே விழும், பிறகு மூச்சுத் தசை நிற்கும். கண்ணிமையை முதலில் காண்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் தாதிதான். நாங்கள் ஏற்றும் விஷமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. ஏற்றும்போது ஒவ்வாமை வருவது அடிக்கடி நடக்கும். அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தை விட்டு நகராமல் நிற்கவேண்டும். இதெல்லாம் பொதுப் பாடத்தில் அரை மணித்தியாலத்தில் முடிகிற விடயம் இல்லை.

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய், வயலில் இறங்குகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் இரண்டும் இதே பாடத்துக்குள் அடங்கும். மலேரியாவுக்கு இப்போது தனிப் பாடம் தேவையில்லை, 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாகிவிட்டது. வன்னியில் மலேரியாவோடு வளர்ந்த எங்களுக்கு அது சின்ன விடயமில்லை. நோய்கள் மாறும்போது தெரிவுப் பாடங்களும் மாறட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களோடு சிங்களப் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களிலும் இருக்கிறார்கள், நல்ல கெட்டிக்காரர்கள். "நோகுதா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒரு அம்மா வந்து "நெஞ்சுக்குள்ள அந்தரமாக் கிடக்கு" என்றால் ஈ.சி.ஜி. எடுப்பதா, பக்கத்தில் இருந்து கதை கேட்பதா? இரண்டும் செய்யவேண்டும். "ஒரே யோசினை" என்று ஒருவர் சொன்னால் அது சும்மா யோசிப்பது இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சில வேளை சாகிற எண்ணமும் அதற்குள் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி 2017 தொடக்கம் கிளிநொச்சி வீதியோரத்தில் போராடிய அம்மாமாரும் எங்கள் கிளினிக்குக்குப் பிரஷர் குளிசை எடுக்க வருகிறார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தமிழ்ப் பிள்ளைகளுக்கும் யாரும் படிப்பிக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டு வாட்டுக்கு வந்து நாங்களும் தடுமாறுகிறோம்.

சரி, மறுப்புகளும் எனக்குத் தெரியும். "பிள்ளைகள் வெளிநாடு போக நினைக்கிறார்கள், அதற்கு உதவுகிற பாடமாக இருக்கவேண்டும்" என்கிறார்கள். போகட்டும். குடும்பக் கஷ்டத்துக்காகப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. படுக்கைப்புண்ணும் முள்ளந்தண்டுக் காயமும் எல்லா நாட்டிலும் உண்டு. அதைக் கைப்பழக்கமாகப் பழகியவள் எந்த வாட்டிலும் நிற்பாள். "படிப்பிக்க ஆள் இல்லை" என்பது இன்னொன்று. இருபது வருடம் வாட்டில் நின்ற சிஸ்டர்மார் இருக்கிறார்கள். ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களை வருகை விரிவுரையாளராகக் கூப்பிட என்ன தடை? கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு வேலை, தாதியரும் ஊர்த் தொண்டர்களும் வீடு வீடாகப் போய்த்தான் கேரளம் எங்கும் பரவியது. தங்குமிடமும் பஸ் காசும் உண்மையான பிரச்சினை, அதை ஒத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். முல்லைத்தீவுக்கு என்றால் தங்கத்தான் வேண்டும். அதற்கு மாகாணத்திடம் கேட்கவேண்டும், கேட்டால் கிடைக்காது என்று முதலே முடிவு கட்டவேண்டாம்.

இதைப் போடுமுன் அந்த அக்காவிடம் கேட்டேன், உங்கள் வீட்டுக் கதையை எழுதட்டுமா என்று. பேரும் ஊரும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கோ என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள் வந்தால் நான் காட்டிக் குடுக்கிறன். ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்கோ. வீடு சின்னன்."