குழந்தைகள் காமிக்ஸில் பேய் வந்தால் என்னவாம்?

ஒன்பது பத்து வயசுப் பிள்ளைக்கு மாயாஜால காமிக்ஸ் வாங்கித் தரலாமா என்று பேச்சு எடுத்தாலே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதல் கேள்வி, "பயமுறுத்துற மாதிரி எதுவும் இல்லையே?" அடுத்தது, "நீதி இருக்கா?" இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்துதான் தமிழில் பிள்ளைகளுக்கான படக்கதையைச் சப்பென்று ஆக்கிவிட்டன என்பது என் கட்சி.

கேட்கிறவர்கள் எதைப் படித்து வளர்ந்தார்களாம்? 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவை. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். சுடுகாடு, ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் மண்டை ஓடு. எத்தனையோ வீடுகளில் கூடத்திலேயே கிடந்த புத்தகம் அது, பிள்ளைக்கு ஆகாது என்று யாரும் பரணில் ஏற்றவில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் நம்ம ஆள், அசரமாட்டான் என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். வேதாளமும் கடிக்காது, கதை சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கும், அவ்வளவுதான். (பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும்! எந்தக் கணக்கு வாத்தியாரும் இப்படி மிரட்டியதில்லை.)

வெளிநாட்டிலும் நல்ல கைகள் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்கரான ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' (Bone) காமிக்ஸ் 1991இல் கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து 2004 வரை வந்தது. அதில் பல்லும் ரோமமுமாக ராட்சத எலி ஜந்துகள் நாயகனைத் தின்னத் துரத்துகின்றன, ஆனால் பச்சையாகத் தின்பதா, முட்டை ஊற்றிச் சுடுகிற கீஷில் போட்டுத் தின்பதா என்று அதுகளுக்குள்ளேயே தகராறு. பிள்ளை பயந்துகொண்டே சிரிக்கும். கசு கிபுயிஷியின் 'அமுலெட்' (Amulet) காமிக்ஸ் வரிசை 2008இல் தொடங்கியது. ஆரம்பத்திலேயே கார் விபத்தில் அப்பா போய்விடுகிறார், அப்புறம் அம்மாவை ஒரு ஜந்து கொண்டுபோகிறது, அக்காவும் தம்பியும் தேடிப் போகிறார்கள். என் அக்கா மகள் அந்த விபத்துப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் படித்தாள். புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை, அடுத்த பாகம் எங்கே என்றுதான் கேட்டாள்.

எது வேண்டாம் என்பதில் நானும் கறார்தான். ரத்தம் தெறிக்க வேண்டாம், சூனியக்காரிக்கு அரைகுறை உடுப்பு வேண்டாம், கறுப்பாகக் குண்டாக இருந்தால் அரக்கன் என்கிற வழக்கம் அறவே வேண்டாம்.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது காமிக்ஸ் ஸ்டால் பக்கம் போய் நில்லுங்கள். 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள், 1984க்கு அப்புறம் லயன் காமிக்ஸ் சேர்த்தவர்கள் என்று தொப்பையும் நரையுமாக ஒரு கூட்டம், நானும் அதில் அடக்கம். சிவகாசியிலிருந்து இந்தக் காமிக்ஸ்களை இத்தனை வருஷம் விடாமல் கொண்டுவருகிறார்களே, நீல நிறக் குள்ளர்களான ஸ்மர்ஃப்களைக்கூடத் தமிழ் பேச வைத்தார்களே, குறை சொல்ல மனசு வராது. ஆனால் வாங்குகிற ஆளின் வயசுக்குத்தான் சரக்கு வரும், அதனால் கவ்பாயும் துப்பறிவாளரும்தான் அதிகம். பிள்ளைகள் அடுத்த ஸ்டாலில் ஆங்கிலப் புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சிக்கல் எழுத்து. மொழிபெயர்க்கும்போது வசன பலூன் அதே அளவு, தமிழ் வாக்கியமோ நீளும், எழுத்து பொடியாகிவிடும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆங்கில மீடியம் பிள்ளை இரண்டு பக்கத்தில் மூடி வைத்துவிடும். அதனால் இங்கேயே எழுதி இங்கேயே வரைய வேண்டும். சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைந்த காலம் ஒன்று இருந்ததுதானே? பேய்க்கா நமக்குப் பஞ்சம்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இடம் சுருங்கிப் போன ஒரு குட்டிக் கொள்ளிவாய்ப் பிசாசை வேளச்சேரி அப்பார்ட்மென்டுக்குக் கூட்டிவந்து, மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற அண்ணன் தங்கை கதையை, பெரிய எழுத்தில், கடைசிப் பக்கத்தில் நீதி போடாமல் யாராவது கொண்டுவாருங்கள். விலையை மட்டும் பார்த்து வையுங்கள், கெட்டி அட்டை போட்டு எங்களை மாதிரி அங்கிள்களுக்கு விற்கிற ஐடியா இருந்தால் வேண்டவே வேண்டாம்.