மலையாள நகைச்சுவை குறித்து ஒரு திருத்தம்
மலையாள நகைச்சுவைப் படங்கள் எவருடைய பாலினத்தையும் நிறத்தையும் வைத்துச் சிரிப்பு மூட்டியதே இல்லை என்று சிலர் எழுதும் கூற்று சரியன்று. 2005இல் லால் ஜோஸ் இயக்கத்தில் திலீப் நடித்து வெற்றி பெற்ற 'சாந்துபொட்டு' படத்தில், பெண்ணைப் போல் வளர்க்கப்பட்ட நாயகனின் நடையும் பேச்சுமே நகைச்சுவைக்கு மூலப்பொருள். கதையும் அவனை 'ஆணாக்கும்' திசையிலேயே நகர்கிறது. படம் வெளிவந்த பின், பெண்மைச் சாயல் கொண்ட சிறுவர்களைப் பள்ளியிலும் தெருவிலும் அந்தத் தலைப்பைச் சொல்லியே சீண்டினார்கள். அப்படி அவமானப்பட்ட ஒருவர் தம் அனுபவத்தை வெளிப்படையாக எழுதியபோது, நடிகை பார்வதி திருவோத்து தம் திரைத்துறையின் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை தெளிவாகப் பேசிய பிறகும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மாற்றம் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' கேரளத்தின் மலப்புரத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்தையும் அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களையும் கேலிப்பொருளாக்காமல் சிரிக்க வைத்தது. அதில் நடித்த நைஜீரியரான சாமுவேல் ராபின்சன், நிறத்தின் காரணமாகத் தமக்கு ஊதியம் குறைக்கப்பட்டதாக முதலில் குற்றம் சாட்டி, தயாரிப்பாளர்கள் கூடுதல் தொகை அளித்ததும் அக்குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.