நாங்களும்தான் பெருக்குறோம் டீச்சர்

ஏழெட்டு வருடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் ஜப்பானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்ததைவிட வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் அதிகம் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். "அங்கெல்லாம் பிள்ளைங்களே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறாங்க தெரியுமா? எவ்வளவு ஒழுக்கம் பாருங்க" என்றேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கேலி எல்லாம் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய், "நாங்களும்தான் தினம் பெருக்குறோம் டீச்சர்" என்றாள். அன்றைக்கு அவள் முறை. விளக்குமாறு அவள் காலடியில்தான் கிடந்தது.

என்ன சொல்லிச் சமாளித்தேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் வேறு நாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அந்த விளக்குமாறு கண்ணில் வந்து நிற்கும்.

நம் பள்ளிகளில் வெளிநாட்டைச் சொல்லிக்கொடுக்க இரண்டே வழிதான் வைத்திருக்கிறோம். ஒன்று தலைநகர், நாணயம், முக்கியத் தொழில், 'எதற்குப் புகழ்பெற்றது' என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கான பதிலாக ஒரு நாட்டைச் சுருக்கிவிடுவது. இன்னொன்று நான் செய்த வேலை, அந்த நாட்டைப் பிரம்பாக்கிப் பிள்ளைகளை அடிப்பது. ஜப்பான்காரனைப் பார், சிங்கப்பூர்க்காரனைப் பார், நீயும் இருக்கிறாயே. முதலாவதில் பிள்ளைக்குத் தூக்கம் வரும், இரண்டாவதில் அந்த நாட்டின் மேலேயே வெறுப்பு வரும். இரண்டிலும் அந்த ஊரில் ஒரு பிள்ளை காலையில் எழுந்து என்ன செய்யும், ஏன் அப்படிச் செய்யும் என்பது மட்டும் வராது.

இந்த வருடம் ஐரோப்பா வந்தபோது நெதர்லாந்தை எடுத்துக்கொண்டேன். தம்பி குடும்பம் அங்கே இருப்பது ஒரு காரணம். நாங்கள் இருப்பது நாகப்பட்டினம் பக்கம், காவிரியின் கடைமடை என்பது அதைவிடப் பெரிய காரணம். தண்ணீர் வரவில்லை என்று ஆறு மாதமும், வந்த தண்ணீர் வடியவில்லை என்று ஆறு மாதமும் பேசுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நாடு சீக்கிரம் பிடிபடும் என்று நினைத்தேன்.

தலைநகரிலிருந்து ஆரம்பிக்கவில்லை. (அந்த நாட்டுக்கு அது வம்பான கேள்வியும்கூட. தலைநகர் ஆம்ஸ்டர்டாம், ஆனால் அரசாங்கம், நாடாளுமன்றம் எல்லாம் தி ஹேக்கில். ஒரு வார்த்தைப் பதில் எழுதுகிற பிள்ளைக்குப் பாதிதான் தெரியும்.) எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னேன். எங்களுடையது ஒரு மாடிக் கட்டடம். மொட்டைமாடித் தளம் கிட்டத்தட்ட இருபத்திரண்டு அடி உயரத்தில் இருக்கும். நெதர்லாந்தில் மிகவும் தாழ்வான இடம் கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே, அதுவும் அதே இருபத்திரண்டு அடிதான். "சரி, நீங்க நிக்கிறது அந்த ஊர்த் தரை. கடல் அந்த மொட்டைமாடி உயரத்துல இருக்கு" என்றேன்.

ஒரு சத்தம் இல்லை. இந்தப் பிள்ளைகள் 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனால் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கேட்டான், "அப்ப தண்ணி ஏன் டீச்சர் உள்ள வரல?"

அவ்வளவுதான். அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலேயே ஓடிவிட்டது. கரை போட்டிருப்பாங்க என்றான் ஒருவன். சரி, சுற்றிலும் கரை, அப்ப உள்ளே பெய்கிற மழை எங்கே போகும்? கொஞ்ச நேரம் முழித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பையன், பரீட்சையில் பத்து மார்க்கைத் தாண்டாதவன், அப்பா குத்தகைக்கு நடவு செய்கிறவர், "அதுவா வடியாது டீச்சர். இன்ஜின் வெச்சு எறைக்கணும்" என்றான்.

காலண்டரில் பூவுக்கு நடுவே நிற்கும் காற்றாலை இருக்கிறதே, அதில் பல அந்த இன்ஜின்தான். மாவு அரைத்தவையும் மரம் அறுத்தவையும் உண்டு, ஆனால் கின்டர்டைக் என்ற ஊரில் வரிசையாக நிற்கிற 19 காற்றாலையும் தாழ்ந்த வயலிலிருந்து தண்ணீரை இறைத்து மேலே விடக் கட்டியவை. காற்றில் ஓடுகிற பம்ப்செட். இதை நான் சொல்லவில்லை, 'எறைக்கணும்' என்று அவன் சொன்ன பிறகு படத்தைக் காட்டினேன், அவர்களாகவே சொன்னார்கள். காற்றுக்குப் பின்னால் நீராவி வந்தது. ஹார்லமர்மேர் என்ற பெரிய ஏரியை நீராவி இயந்திரம் வைத்து இறைத்து 1852இல் தரையாக்கினார்கள். இன்றைக்கு ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரிப் படுகையில்தான் இருக்கிறது, ஓடுபாதையே கடல் மட்டத்துக்குக் கீழே. 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணைக்கரை போட்டுக் கடலின் ஒரு பகுதியையே மடக்கி நன்னீர் ஏரியாக்கிவிட்டார்கள், அதற்குள் தரை எழுப்பி 1986இல் பன்னிரண்டாவது மாகாணம் என்று பெயரும் வைத்தார்கள். "டீச்சர், நெலத்துக்குப் பட்டா யாருகிட்ட வாங்குவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கடைமடைக்காரி.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர் வாரியம். அந்த நாட்டில் கரையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளத் தனி வாரியங்கள் உண்டு, இப்போது 21. அதற்கென்று தனி வரி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை தனித் தேர்தல். 13ஆம் நூற்றாண்டிலேயே இவை இருந்தன, நெதர்லாந்து என்று ஒரு நாடு உருவாவதற்கு முன்னாலேயே. காரணம் எளிது. கரையில் என் பங்கை நான் பார்க்காமல் விட்டால் உடைப்பு எடுத்து உன் வயலும் போகும், அதனால் பிடிக்கிறதோ இல்லையோ எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் ஆகவேண்டும். குடிமராமத்து என்று நாம் சொல்கிறோமே, ஏரியையும் வாய்க்காலையும் ஊரே சேர்ந்து மராமத்து பார்ப்பது, அதன் ஒன்றுவிட்ட சொந்தம்தான் இது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை அதன் தாத்தா, வீட்டுக்கு ஓர் ஆள் என்று, தூர்வாரப் போன கதையைச் சொல்லிற்று. பத்து நிமிடம் அதிலேயே போனது. போகட்டும் என்று விட்டேன்.

'அவர்கள் கெட்டிக்காரர்கள்' என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. 1953 பிப்ரவரி 1, விடிவதற்கு முன்னால் புயலில் கடல் பொங்கிக் கரை பல இடத்தில் உடைந்து 1,836 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் டெல்டா திட்டம், பிரம்மாண்டமான கதவணைகள் எல்லாம். ராட்டர்டாம் பக்கத்தில் 1997இல் திறந்த ஒரு கதவணையின் இரண்டு கதவும் ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், கடல் குறிப்பிட்ட அளவுக்கு ஏறினால் கம்ப்யூட்டரே மூடச் சொல்லிவிடும். படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்கள் "இவ்ளோ பெரிய சட்ரஸா" என்றார்கள். ஷட்டருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

சைக்கிள் விஷயமும் அப்படித்தான். ஆள் தொகையைவிடச் சைக்கிள் அதிகம் உள்ள நாடு என்று சொல்லி, எவ்வளவு எளிமை பார் என்று உடனே பிரம்பைத் தூக்கிவிடுவோம். நிலம் தட்டை என்பது ஒரு காரணம், சரி. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்தான் பெருகியது. 1971இல் மட்டும் சாலை விபத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர் வைத்து அம்மா அப்பாக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வேறு சேர்ந்துகொண்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. அப்படிச் சண்டை போட்டு வாங்கியதுதான் அங்கே சைக்கிளுக்கென்று இருக்கிற தனிப் பாதை. நம் அரசு பிளஸ் ஒன் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிறது, ரொம்ப நல்லது, அதை ஓட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை போகவேண்டியது லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில். இதை ஆறாம் வகுப்பில் சொல்லலாமா என்று உடன் வேலை பார்க்கும் சார் ஒருவர் கேட்டார். ஏன் சொல்லக்கூடாது, ஓட்டப்போவது அவர்கள்தானே.

ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு முன்னால், தம்பி மகளை வீடியோவில் கூப்பிட்டோம். ஒன்பது வயது. ஐந்தோவன் நகரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணி, வெளியே பல்லிளிக்கிற வெயில். அவளுக்குக் காலை ஏழரை. ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினாள், கும்மிருட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அதை நம்பவே முடியவில்லை. ஏழரை மணிக்கு இருட்டா? "ராத்திரி ஏழரையா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். சூரியன் வர எட்டரை தாண்டும், அதுவரை விளக்குப் போட்டுச் சைக்கிளில் போவேன், மழை வந்தால் பேன்ட்டுக்கு மேலே மழைப் பேன்ட் போட்டுக்கொள்வேன் என்றாள். ஜூனில் இதற்கு நேர்மாறு, ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம், தூங்கு தூங்கு என்று அம்மா திரையை இழுத்து மூடுவாளாம். அட்சரேகை என்ற வார்த்தையை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். நாகப்பட்டினம் 11 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, அந்த ஊர் 51க்கு மேலே. மறுநாள் டார்ச் விளக்கும் உலக உருண்டையும் எடுத்துப்போனபோது, சாய்த்துப் பிடிங்க டீச்சர் என்று அவர்களே சொன்னார்கள்.

"ஒங்க வீடு கடலுக்குக் கீழ இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லையே, எங்க ஊரு மேலதான் இருக்கு. அத்தை தப்பாச் சொல்லிட்டாங்களா?" என்றது அது. எனக்கு நன்றாக வேண்டும். நாட்டில் கால்வாசிதான் கடல் மட்டத்துக்குக் கீழே, ஐந்தோவன் தெற்கே மேட்டில் இருக்கிறது. ஒரு நாடு முழுக்க ஒரே மாதிரி என்று என்னையும் அறியாமல் பிள்ளைகள் மனதில் பதித்திருக்கிறேன். கடைமடையில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாடு முழுக்க நெல்தான் என்று சொல்வது போல.

அப்புறம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினாள். இரண்டு துண்டு பிரெட், வெண்ணெய், மேலே சாக்லேட் துகள். அதற்குப் பெயர் ஹாகல்ஸ்லாக், ஆலங்கட்டி மழை என்று அர்த்தமாம். இன்னொரு பிரெட்டில் சீஸ். அவ்வளவுதான் மதியத்துக்கு. பெரும்பாலான பள்ளிகளில் சமைத்துப் போடுவதில்லை, சூடான சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில்தான். எங்கள் சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. "சோறு கெடையாதா? முட்டை?" என்று கேட்டுவிட்டு ஒரு பையன் என் காதருகே வந்து, "பாவம் டீச்சர் அது" என்றான். பணக்கார நாட்டுப் பிள்ளையைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பரிதாபப்பட்டதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர்களைத் திருத்தவில்லை.

அவர்களை அசத்தியது வேறொன்று. அங்கே பிள்ளைகள் நீச்சல் படித்துச் சான்றிதழ் வாங்குவது வழக்கம். முதல் சான்றிதழுக்கே முழு உடுப்பும் செருப்பும் போட்டுக்கொண்டு குதித்து நீந்திக் காட்டவேண்டும், ஏனென்றால் வாய்க்காலில் விழுகிறவன் நீச்சலுடை போட்டுக்கொண்டு விழுவதில்லை. இது எங்கள் ஊரில் வந்திருக்க வேண்டிய யோசனை. கடலும் ஆறும் வாய்க்காலும் குட்டையும் சூழ்ந்த ஊர், வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது தண்ணீரில் போகிறது, என் வகுப்பில் 31 பேரில் நீச்சல் தெரியும் என்று கை தூக்கியது ஒன்பது பேர், அதில் ஒருத்திகூடப் பெண் இல்லை. இதில் பிரம்பு பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்குப் புதியவர்கள் இல்லை. ஒல்லாந்தர் 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள், 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள், 1781 வரை இருந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் பஞ்ச காலத்தில் ஆட்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். கரையை ஒற்றுமையாகக் காத்த அதே ஜனம்தான். வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்க நல்லவங்களா கெட்டவங்களா டீச்சர்?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை, உண்மையில் எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை, ஆனால் பதினோரு வயதில் கேட்காமல் எப்போது கேட்பார்கள்.

போன மாதக் கடைசியில் தம்பி மகள் வகுப்பில் இந்தியா பாடமாம். யானையில்தான் பள்ளிக்குப் போவீர்களா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொதித்துப்போய் நாமே வீடியோ எடுத்து அனுப்புவோம் என்றார்கள். எதை எடுப்பது என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. கோயில் தேர் என்றார்கள், பீச் என்றார்கள், ஒருவன் தன் ஆட்டுக்குட்டி என்றான். கடைசியில் அந்த 'எறைக்கணும்' பையன் சொன்னதுதான் நின்றது. கடல்தண்ணீர் ஆற்றில் ஏறாமல் தடுக்கிற ரெகுலேட்டருக்குப் போய், கதவை ஏற்றி இறக்குகிற லஸ்கர் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவர் சக்கரத்தைச் சுற்றிக் கதவை இறக்குவதை எடுத்தோம். அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், நடுவே துருப்பிடித்த கதவு. நான்கு நிமிடம். பாதிக்கு மேல் காற்றுச் சத்தம்தான்.

அனுப்பி எட்டு நாள் ஆகிறது, தினம் காலையில் என் போனைக் கேட்கிறார்கள். இன்னும் பதில் இல்லை. அந்தப் பக்கம் இப்போது கார்னிவல் விடுமுறையாம்.