போன உயிர் வராதுதான்… ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சாவு. கட்டட வேலைக்குப் போன முப்பது வயதுப் பையன். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலில் "முடிஞ்சிருச்சு" என்று சொன்னதுமே உடன் வந்தவர்கள் அப்படியே வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போனபோது பந்தல்கூடக் கட்டி முடிக்கவில்லை. அதற்குள் வேலை எடுத்தவர் தரப்பில் மூன்று பேர் வந்து, ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "போன உயிர் திரும்பியா வரப்போகுது? எதுக்குப் போலீசு, போஸ்ட்மார்ட்டம்னு உடம்ப அறுத்துக்கிட்டு? ஆக வேண்டியத நாங்க பாத்துக்கிறோம்."

இதே வார்த்தைகளை நான் 2019-லும் கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில்.

என் மாமா, அம்மாவின் தம்பி, கொத்தனார். வயது 38. வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. அத்தை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், என் பாட்டி. நாலு பேரும் அவர் கூலியில் சாப்பிட்டவர்கள். பால் தெளித்த அன்று சாயங்காலம் லாரிக்காரர் தரப்பு வந்தது. ஒரு மஞ்சள் பையில் இரண்டு லட்சம் ரூபாய், கூடவே எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு பத்திரம். "எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிவிட்டார். மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவருக்கு அது என்ன எழுத்து என்று படிக்கவா தோன்றும்? பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருந்தார். அவர் வந்து அத்தை கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். "பதினாறு முடியட்டும்மா. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத, வெள்ளப் பேப்பர்ல மட்டும் போடவே போடாத" என்றார். அந்த ஒரு மனிதர் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தால் எங்கள் குடும்பத்தின் கதையே வேறு.

"கேஸை வாபஸ் வாங்கிக்கோங்க" என்று சொல்கிறார்களே, அதுவே பொய் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அஜாக்கிரதையால் சாவு என்றால் அது அரசு நடத்தும் குற்ற வழக்கு. அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 106. முன்பு இரண்டு வருடம் வரைதான் சிறை, இப்போது ஐந்து வருடம் வரை. மருத்துவர் சிகிச்சையில் செய்த தவறு என்றால் இரண்டு வருடம் வரை. ஊரில் உட்கார்ந்து சமரசம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. அப்புறம் ஏன் அந்தப் பத்திரம்? நாளைக்கு இழப்பீடு கேட்டு நீங்கள் போகும்போது, "ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், பாருங்கள்" என்று நீட்டுவதற்கு.

இன்னொன்று. குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டில், இப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். டிரைவர் விடுதலையாகிவிட்டார் என்பதாலேயே உங்கள் இழப்பீட்டு வழக்கு செத்துவிடாது. எத்தனையோ குடும்பங்கள் இது தெரியாமல் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

மாமா வழக்கில் பெரிய சிக்கல் வருமானம். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? இழப்பீட்டைக் கொடுக்க வேண்டிய லாரி இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார். அப்போதுதான் அத்தைக்கு அடுப்படிச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் நினைவு வந்தது. மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுக்கிற காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால் கணக்கை அத்தை எழுதியிருப்பார், கீழேயே மாமா அன்றைய கூலியை எழுதியிருப்பார். 850. 850. மழை பெய்த நாளில் ஒரு கோடு. தீபாவளி வாரத்தில் "அட்வான்ஸ் 3000". அவர் போன பிப்ரவரியில் பன்னிரண்டாம் தேதியோடு அவர் எழுத்து நின்றுவிட்டது. அடியில் பால் கணக்கு மட்டும் இரண்டு நாள் ஓடியிருந்தது. அந்தத் தாள்களையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையையும் கொடுத்தோம். மேஸ்திரி வந்து கூண்டில் ஏறி, "ஆமாய்யா, எங்கிட்டதான் எட்டு வருசமா வேல பாத்தாரு" என்று சொன்னார். வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாதம் 15,000 என்று எடுத்துக்கொண்டது.

அதன்பின் கணக்கு எப்படிப் போகும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் போட்ட வாய்ப்பாடு இது. சொந்த உழைப்பில் அல்லது கூலியில் வாழ்ந்தவர், நாற்பது வயதுக்குக் கீழே என்றால், பின்னால் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள். 15,000 இப்போது 21,000. நம்பியிருந்தவர்கள் நாலு பேர் என்பதால், அவர் தனக்காகச் செலவு செய்திருப்பார் என்று கால் பங்கைக் கழிப்பார்கள். 15,750. வருடத்துக்கு 1,89,000. 38 வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக 28,35,000. 2017 தீர்ப்பு வைத்த தொகைப்படி, கணவனை, அப்பாவை, மகனை இழந்ததற்கு ஆளுக்கு 40,000. ஈமச் செலவு, சொத்திழப்பு என்று தலா 15,000. எல்லாம் சேர்த்து 30,25,000. ஹெல்மெட் போடவில்லை என்று பத்து சதவீதத்தைப் பிடித்தார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்னால் வந்து மோதியது லாரி. ஆனாலும் சொல்கிறேன், ஹெல்மெட் போடுங்கள். 27,22,500 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு, 2023-இல் தீர்ப்பானது.

மஞ்சள் பையில் இருந்தது இரண்டு லட்சம்.

நாலு வருடம் ஊர் வாயில் நாங்கள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "பொணத்த வச்சுப் பணம் பாக்குதுக" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். இதைத்தான் நான் முழு மனதோடு மறுக்கிறேன். உயிருக்கு யாரும் விலை கேட்கவில்லை. அந்த மனிதர் இருந்திருந்தால் பிள்ளைகள் தின்றிருக்கக்கூடிய சோறு, கட்டியிருக்கக்கூடிய ஃபீஸ், அதைத்தான் கேட்கிறோம். அதைக் கொடுக்க வேண்டியது பிச்சையாக அல்ல, பட்ட கடனாக. இழப்பீடு வாங்குவது அசிங்கம் என்ற நினைப்பு தவறு செய்தவனுக்கு மட்டும்தான் லாபம். குடும்பத்தலைவிகள் இறந்தால் "வருமானம் இல்லையே" என்று வாயை அடைத்த காலம்கூடப் போய்விட்டது. வீட்டில் அவர்கள் செய்யும் வேலைக்கும் பண மதிப்புப் போட்டே தீர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மாமா காலத்தில் இல்லாத ஒரு ஆபத்து இப்போது இருக்கிறது. வாகன விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து கெடு வைத்திருக்கிறார்கள். 1994-இல் எடுத்துப்போட்ட கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. கருமாதி முடிந்து, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து, ஸ்டேஷன் ரைட்டரிடம் காகிதங்கள் வாங்குவதற்குள் பாதிக் காலம் போய்விடும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இரண்டு லட்சம் உண்டு. பலரும் கேட்பதே இல்லை.

ஆஸ்பத்திரித் தவறில் பாதை வேறு. காசு கொடுத்துப் பார்த்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே தீர்ப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் அங்கே போக முடியாது. சிவில் கோர்ட்டு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நோயாளி இறந்ததெல்லாம் டாக்டரின் தவறல்ல. டாக்டரைச் சிறைக்கு அனுப்ப மிகக் கடுமையான அலட்சியம் தேவை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். வேறொரு மருத்துவரிடம் காகிதங்களைக் காட்டி அவர் கருத்தைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பொறுமையும் வேண்டும். குணால் சாஹா என்ற மருத்துவர், கொல்கத்தாவில் தன் மனைவிக்கு நடந்த தவறான சிகிச்சைக்காகப் பதினைந்து வருடம் போராடினார். மனைவி இறந்தது 1998, உச்ச நீதிமன்றம் சுமார் ஆறு கோடி கொடுக்கச் சொன்னது 2013.

மின்கம்பி அறுந்து விழுந்து செத்தால், "எங்கள் மேல் தவறில்லை" என்று மின்வாரியம் எளிதில் தப்ப முடியாது. ஆபத்தான ஒன்றை நடத்துகிறவர்தான் அதற்குப் பொறுப்பு என்று 2002-இலேயே தீர்ப்பு உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்தால் 30 லட்சம், 2023 அக்டோபர் தீர்ப்பு. இவை எதிலும் அடங்காத சாவுக்கு 1855-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் இரண்டு வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பயப்படுகிற அக்கா தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பெண்ணுக்கும் குழந்தைக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்கு போன் போட்டாலும் சொல்வார்கள். மார்ச்சுவரி வாசலில் வந்து கார்டு நீட்டுகிற புரோக்கரிடம் மட்டும் போகாதீர்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். அந்தப் பையனின் மைத்துனனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எரித்துவிட்டால் எதனால் செத்தான் என்பதற்கு அத்தாட்சியே இல்லாமல் போய்விடும். நூறுக்கு போன் போடு, உடம்பை ஜி.எச்.சுக்குக் கொண்டுபோகட்டும். வேலை செய்யும் இடத்தில் செத்தவனுக்கு, முதலாளி மேல் தவறு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது 1923-லிருந்தே இருக்கிற உரிமை. மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 15,000 கூலி, 30 வயது என்றால் பதினைந்து லட்சத்தைத் தாண்டும். அவன் அக்கா மடியில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் என்னை முறைத்தார்கள். ஒருவர், "ஏம்ப்பா, எரியிற வீட்ல" என்று ஆரம்பித்தார். நான் பதில் பேசவில்லை.

மைத்துனன் போன் போட்டான். போலீஸ் வந்தது. மறுநாள் மதியம்தான் உடம்பு கிடைத்தது, சாயங்காலம் எடுத்தார்கள். நேற்று ராத்திரி அவனே கூப்பிட்டு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டான். எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயர். எல்லாம் சொல்லிவிட்டு, அவர் கூலியை எங்கேயாவது எழுதி வைக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேண்ணே" என்றான்.