பாட்டு என்னுடையது, அதைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்கணும்?

விண்டோஸ் கணினியில் பாட்டு செய்கிற என்னைப் போன்றவர்களிடம் “ஆப்பிளின் மேக் வாங்கிடு, எல்லாம் சரியாயிடும்” என்று இனி யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி அறிவுரை சொன்ன அத்தனை பேரும் நல்லவர்கள்தான், பலர் என்னைவிட நன்றாக மிக்ஸ் செய்பவர்கள். ஆனால் ஒருவர்கூட அடுத்த வரியைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக வீட்டு அறையில் உட்கார்ந்து செய்த பாட்டெல்லாம் மேக் பக்கம் போனதும் பாதி ஊமையாகத்தான் திறக்கும் என்று யாருமே வாயைத் திறக்கவில்லை. விற்கிறவர் சொல்லமாட்டார், சரி. கூட இருக்கிறவர்களாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஆசைப்பட்டு மாறியவன் இல்லை நான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் சிப் என்றால் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். என் பெட்டியில் இருப்பது 7-ஆம் தலைமுறை. உறுமி, தவில், கீபோர்டு, கோரஸ் என்று எத்தனை டிராக் அடுக்கினாலும் திணறாமல் ஓடிய பெட்டி அது. இன்டெல் 1972-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்த இடம் எங்கள் பினாங்கு. இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிற எங்களுக்கு ஒரு சிப் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது தெரியும். உயிரோடு இருக்கிற சிப்பைப் பட்டியலில் இல்லை என்று ஒதுக்குவதே எனக்கு ஏற்கவில்லை. இருந்தாலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கையும் திறந்துகொண்டு பாட்டையும் செய்துகொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? எப்படியும் புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும், அதனால் மேக்.

நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற அமைப்பு நல்ல வேலை. விண்டோஸில் அதே வேலைக்கு ஏசியோ என்ற டிரைவரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த அருமை தெரியும். பாடகர் மைக் முன்னால் நின்று பாடும்போது ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிற தொல்லை குறைந்தது. கணினி மின்விசிறியின் சத்தமும் மைக்கில் ஏறுவதில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எம்4 சிப் வைத்த சின்ன மேக்கான மேக் மினி வந்தபோது அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 599 டாலர், உள்ளே 256 ஜிபி இடம். 512 ஜிபி வேண்டுமென்றால் இன்னொரு 200 டாலர். இசைக்காரனுக்கு 256 ஜிபி எந்த மூலைக்கு? கருவிகளின் ஒலியைப் பதிந்து வைத்த தொகுப்பான சாம்பிள் லைப்ரரி, நல்ல தரமானது ஒன்றே பல பத்து ஜிபி பிடிக்கும். ரேமை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. பழைய பெட்டிக்கு ரேம் போதவில்லை என்றால் பினாங்கு நகரின் கொம்தார் கட்டடப் பக்கம் ஒரு கடைக்குப் போய், ஒன்று வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தக் காலம் முடிந்தது. சரி, வெளியே ஒரு எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அடுத்தது. என் சாம்பிள்கள் எல்லாம் இருந்த டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றி, இதை அழித்து இரண்டு பக்கமும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி, திரும்பக் கொண்டுவந்து போட வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தாலும் நகலாகிற அளவைக் காட்டும் கோடு இன்னும் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. என் வயிற்றெரிச்சல் பாட்டைப் பற்றியது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் பந்தல் போடுகிற ஒரு குழுவுக்கு நான் முன்பு ஒரு முருகன் பாட்டு செய்து கொடுத்திருந்தேன். உறுமியை நேரிலேயே வாசிக்க வைத்துப் பதிவு செய்தோம், சாம்பிள் கிடையாது. அந்தக் குழுவின் அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, அதே பாட்டுதான், புதுசா ஒண்ணும் வேணாம். இந்த வருஷம் பாடறது வேற பையன், ஒரு கட்டை இறக்கிக் கொடுத்துடு. அப்புறம் நடுவுல குழுப் பேரு வர்ற இடத்துல புதுப் பேரப் போட்டுடு.” பழைய பெட்டியில் இது ஒரு மாலைக்கூடப் பிடிக்காத வேலை. “சரிண்ணே, செஞ்சிடலாம்” என்றேன்.

புதுக் கணினியில் அந்தப் பாட்டின் வேலைக் கோப்பை, அதாவது புரொஜெக்டைத் திறந்தேன். உறுமி இருந்தது, குரல் இருந்தது. அவை பதிவான ஒலியே இருக்கிற வேவ் கோப்புகள், எந்தக் கணினியிலும் ஓடும். பேஸ் இல்லை. நாதஸ்வரத்துக்குக் கீழே இழையோடுகிற, ‘பேட்’ என்று சொல்லும் அந்த நீண்ட ஒலி இல்லை. குரலுக்கு நான் நாள்கணக்கில் செதுக்கிய ரிவெர்ப், அந்த எதிரொலி இல்லை. டிராக் இருக்கிறது, நோட்டுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றை வாசிக்க வேண்டிய கருவி மட்டும் காணோம். திரை முழுக்க “பிளகின் கிடைக்கவில்லை” என்ற பெட்டிகள். பிளகின் என்பது இசை மென்பொருளுக்குள் செருகுகிற கருவி அல்லது எஃபெக்ட். என் பாட்டு அது. என் காசு, என் தூக்கம், என் காது. அதை எனக்கே முழுதாகக் கேட்க முடியவில்லை.

இதில் நான் பாட்டு செய்கிற மென்பொருளான எஃப்எல் ஸ்டூடியோவைக் குறை சொல்லமாட்டேன். 2018-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து அது மேக்கிலும் நேரடியாக ஓடுகிறது. ஒரு தடவை வாங்கினால் இரண்டு பக்கமும் அதே உரிமம், அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் காசு கேட்பதில்லை. மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. சிக்கல் அதற்குள் நாம் செருகுகிற பிளகின்களில் இருக்கிறது. விண்டோஸ் பிளகின் மேக்கில் ஓடாது, மேக்குக்கென்று அதைத் தனியாக உருவாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். என்னைப் போலக் காசில்லாமல் தொடங்கியவர்கள் இலவசமாகக் கிடைத்த சின்னச் சின்ன பிளகின்களில்தான் கற்றோம். அவற்றில் பலவற்றுக்கு மேக் பதிப்பு என்றுமே இருந்ததில்லை. அது தனி மனிதர்கள் ஓய்வு நேரத்தில் செய்து கொடுத்த தானம், அவர்கள்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை.

கோபமெல்லாம் காசு வாங்கிய கம்பெனிகள்மேல். பிளகின்களுக்கான விஎஸ்டி முறையை ஸ்டைன்பெர்க் கம்பெனி கொண்டுவந்தது 1996-இல். மூன்றாம் தலைமுறை விஎஸ்டி 2008-இல் வந்தது. 2018-இல் பழைய இரண்டாம் தலைமுறைக்கான உருவாக்கக் கருவியைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்று பல கம்பெனிகள் மேக்குக்குக் கொடுப்பது மூன்றாம் தலைமுறையும் ஆப்பிளின் சொந்த முறையான ஏயூ வகையும்தான். என் பழைய பாட்டு கேட்பதோ இரண்டாம் தலைமுறையை. பழையதன் இடத்தில் புதியது தானாக வந்து உட்கார்ந்து, பழைய அமைப்பையும் படித்துக்கொள்ள வழி இருக்கிறது, பிளகின் செய்கிறவர் மெனக்கெட்டு அதைச் செய்ய வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்? ஒரே கம்பெனி, ஒரே பிளகின், நான் காசு கொடுத்து வாங்கியது, மேக்கிலும் நிறுவியாகிவிட்டது. பாட்டு அதைப் பார்த்து “நீ யார்?” என்கிறது. ஒவ்வொரு குமிழாகப் பழைய திரையைப் பார்த்துப் பார்த்துப் புதிதில் திருப்ப வேண்டியிருக்கிறது.

அதற்கும் பெரிய கொடுமை உரிமம். பெயர் சொல்லப்போவதில்லை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. குறிப்பிட்ட எண்ணிக்கை கணினிகளில்தான் போடலாம் என்பது விதி. என் கணக்கில் ஓர் இடத்தை, எப்போதோ செத்துப்போன ஒரு ஹார்ட் டிஸ்க் பிடித்து வைத்திருக்கிறது. எழுதிக் கேட்டேன். “முதலில் பழைய கணினியில் பிளகினை முடக்கிவிட்டு வாருங்கள்” என்று பதில். செத்த டிஸ்க்கில் போய் எதை முடக்குவது? அதையும் விளக்கி எழுதினால், ரசீது அனுப்பு, வரிசை எண் அனுப்பு, படம் எடுத்து அனுப்பு. எல்லாம் அனுப்பிய பிறகு, புதிய மேக் சிப்பில் ஓடுகிற பதிப்புக்கு மேம்படுத்தல் கட்டணம் உண்டாம். டாலரில். எங்கள் மலேசிய வெள்ளியில் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகிவிடும். அதன்மேல், வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு நம் நாட்டில் 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி. காசு கொடுத்து வாங்கியவன் திருடன் இல்லை என்று நிரூபிக்க இவ்வளவு. திருட்டுப் பதிப்பு போட்டவனிடம் ஒருவரும் ரசீது கேட்பதில்லை. அவன் இந்நேரம் பாட்டை முடித்து அனுப்பியே இருப்பான்.

“மேக்குக்குள் வந்துவிட்டாய் அல்லவா, இனி நிம்மதி” என்கிறார்கள். எங்கே நிம்மதி? 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பில் ஆப்பிள் பழைய 32 பிட் மென்பொருள்களை மொத்தமாக நிறுத்தியது. 2020-இல் இன்டெல்லை விட்டுத் தன் சொந்த சிப்புக்குப் போனது. இன்டெல்லுக்காக எழுதிய பிளகின்களை இப்போது ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பானை வைத்து ஓட்டுகிறோம். அதுவும் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் 27-ஆம் பதிப்பு வரைதான் முழுமையாக இருக்கும் என்று ஆப்பிளே 2025-இல் அறிவித்துவிட்டது. அப்போது இன்னொரு தடவை இதே கூத்து. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது, ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கைப் பயன்படுத்துகிற பலருக்கு இது தெரியாது. லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002-இல் அதைச் செய்த ஈமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கி, அதே ஆண்டில் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அன்றைக்கு விண்டோஸில் லாஜிக் வைத்துப் பாட்டு செய்துகொண்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

“மாறுவதற்கு முன்னால் எல்லா டிராக்கையும் ஸ்டெம்மாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?” இந்தக் கேள்வியும் வரும். எடுத்துத்தான் வைத்திருந்தேன். மாறப்போகிறவர்கள் கண்டிப்பாக எடுத்து வையுங்கள், ஒவ்வொரு டிராக்கையும் முதல் நொடியிலிருந்து, எஃபெக்ட் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று. ஆனால் அண்ணன் கேட்டது ஒரு கட்டை இறக்கி! உறைந்துபோன பேஸையும் பேடையும் இழுத்து இறக்கினால் குழைந்துபோகிறது. நோட்டுகளை இறக்கி, கருவியையே மறுபடி வாசிக்க வைத்தால்தான் அந்த ஒலி வரும். பாட்டைக் கேட்க ஸ்டெம் போதும். அதில் வேலை செய்ய வேண்டுமென்றால் புரொஜெக்ட் உயிரோடு இருக்க வேண்டும். இந்த வேறுபாடு புரியாமல் ஒரே வரியில் அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

முடியாத காரியமா இது? 1983-இல் அமெரிக்காவின் சீக்குவென்ஷியலும் ஜப்பானின் ரோலண்டும், சந்தையில் மோதிக்கொண்டிருந்த கம்பெனிகள், தங்கள் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்து ஒரு கண்காட்சியில் இயக்கிக் காட்டின. அதுதான் மிடி, எந்தக் கம்பெனிக் கருவியும் நோட்டுகளைப் பரிமாறிக்கொள்கிற பொது மொழி. அன்றைய கருவியை இன்றைய கணினியோடு இன்றும் பேச வைக்கலாம். என் பாட்டில் நோட்டுகளாவது பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு அந்த ஒப்பந்தம்தான் காரணம், நாற்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. 2023-இல் இசை மென்பொருள் செய்கிற பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து டிஏடபிள்யூ புரொஜெக்ட் என்று ஒரு திறந்த கோப்பு முறையைக் கொண்டுவந்தார்கள், ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறக்க. ஸ்டைன்பெர்க்கின் கியூபேஸ் மென்பொருளும் பின்னர் சேர்ந்துகொண்டது. நல்ல முயற்சி, மனதார வரவேற்கிறேன். ஆனால் பிளகின் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டால் அதுவும் என்ன செய்யும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விற்ற பழைய பதிப்புகளை இணையத்திலிருந்து தூக்காதீர்கள். மேக்குக்கு ஒரு பதிப்பு செய்தால் விண்டோஸில் சேமித்த அமைப்பை அது படிக்கும்படி செய்யுங்கள், அது உங்கள் சொந்தக் கோப்புதானே. ஒரு பிளகினை இனி செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தால் அதன் பூட்டையாவது கழற்றிவிட்டுப் போங்கள். கணினி செத்துப்போச்சு என்று காசு கொடுத்தவன் சொன்னால் நம்புங்கள்.

அண்ணனின் பாட்டைப் பழைய பெட்டியில்தான் முடித்தேன், இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு. உரிமம் பற்றி நான் கடைசியாக எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அதே கம்பெனியிடமிருந்து “உங்களுக்காகச் சிறப்புத் தள்ளுபடி” என்று வாரம் தவறாமல் மெயில் வருகிறது. என் பாட்டு திறக்கிறவரை அவர்களுக்கு என் கையிலிருந்து ஒரு வெள்ளி போகாது.