பதின்மூன்று பேரும் ஒரு மலாக்காவும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு நேற்று இரவு மறுபடி உயிர்த்துக்கொண்டது. டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை. சரி, சென்னை யாருக்குக் கசக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு என் மச்சான் ஒரு திட்டத்தைப் போட்டார்: "ஒரு நாளைக்கு வான் பிடிச்சு காஞ்சிபுரம், அங்கயிருந்து மாமல்லபுரம், அப்பிடியே பாண்டிச்சேரி, இரவு திரும்பிறம்." பத்து நிமிடத்துக்குள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

நான் தூக்கவில்லை. போன வருடம் ஆகஸ்டில் மலாக்காவில் பட்டது போதும். ஏன் என்று குழுவில் குரல் செய்தி அனுப்பினால் முதல் பத்து வினாடிக்கு மேல் ஒருத்தரும் கேட்கமாட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர் எல்லாரும் இங்கேயும் இருக்கிறீர்கள், தெரியும். கோபிக்க வேண்டாம், அல்லது கோபித்துவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று சிதறிக் கிடக்கும் எங்கள் குடும்பம் பெரியம்மா பிடித்த சீட்டில் காசு சேர்த்து மலேசியா போனோம். மொத்தம் 13 பேர். மூத்தவர் மாமி, வயது 74, இரண்டு முழங்காலும் மழைக்கு முன்பே வானிலை சொல்லும். இளையது ஆறு வயது. ஆளாளுக்கு விசா எடுத்து, இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தையும் 13 தடவை நிரப்பியது என் தங்கச்சியின் மகள். அவளுக்கு இன்றுவரை யாரும் ஒரு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. கோலாலம்பூரில் தங்கல், அதற்குள் ஒரு சனிக்கிழமை மலாக்கா. தெற்கே 150 கிலோமீட்டர் போல, வேகச்சாலையில் இரண்டு மணித்தியாலம். காகிதத்தில் பார்த்தால் கொழும்பிலிருந்து காலி நகரத்துக் கோட்டைக்குப் போய்வருவது போலத்தான்.

காகிதம்தான் பிரச்சினை. போவதற்கு ஒரு மாதம் முன்பே குழுவில் பட்டியல் தொடங்கியது. ஒருவர் சிவப்புச் சதுக்கம் என்றார், ஒருவர் ஆற்றில் படகு என்றார், பிள்ளைகளுக்கு அந்தச் சுழல் கோபுரம், சித்தப்பாவுக்குக் கப்பல் வடிவில் இருக்கும் அருங்காட்சியகம், ஏற்பாட்டாளரான என் மச்சானுக்கு ஜோங்கர் தெரு இரவுச் சந்தை. இப்படிப் பன்னிரண்டு இடம். குழுவில் ஓர் இடத்தைச் சேர்க்க ஒரு வினாடி போதும், ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் ஒரு மனஸ்தாபம். அதனால் எதுவுமே போகவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒன்று நான் போட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் போட்டது செட்டி கிராமம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்து நின்றுவிட்ட தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். பேசுவது மலாய், உடுப்பதும் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். நம்முடைய கொழும்புச் செட்டிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களும் வியாபாரத்துக்கு வந்தவர்கள்தான், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், வீட்டில் ஆங்கிலமோ சிங்களமோ. ஒரே கடலில் வந்த இரண்டு கூட்டம், ஒன்று மொழியைக் கைவிட்டுச் சாமியை வைத்துக்கொண்டது, மற்றது இரண்டையும் மாற்றிக்கொண்டது. இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

வான் காலை ஏழு மணிக்கு. நாங்கள் ஏறியது ஒன்பது நாற்பதுக்கு. ஹோட்டல் காலைச் சாப்பாடு இலவசம் என்றால் நம் ஆட்கள் அதை ஒரு கடமையாகச் செய்வார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒருவருக்குத் தொப்பி மறந்துவிட்டது, ஒருவருக்கு இரத்த அழுத்தக் குளிசை. வழியில் வேகச்சாலை ஓய்விடத்தில் ஒருமுறை இறங்கினோம், 13 பேர் கழிவறைக்குப் போய் வர நாற்பது நிமிடம். இது யாருடைய பிழையும் அல்ல, வெறும் கணக்கு. ஒருவர் வெளியே வரும்போதுதான் அடுத்தவருக்கு முட்டும். சனிக்கிழமை என்பதால் மலாக்காவுக்குள் நுழையும் இடத்தில் வாகன நெரிசல். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு ஐம்பது, எல்லாருக்கும் பசி.

மாமி சனிக்கிழமை மரக்கறி. பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பேர்போன கோழிச் சோற்று உருண்டை வேண்டும். எல்லாரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பது சித்தப்பாவின் கொள்கை. இந்த மூன்றுக்கும் பொருந்தும் கடையைத் தேடி அந்த வெயிலில் ஐம்பது நிமிடம் நடந்தோம், மாமியின் முழங்காலோடு. கடைசியில் வாழையிலைச் சாப்பாடு. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பளத்தை மட்டும் தின்றார்கள். வெளியே வந்தால் மணி இரண்டு நாற்பத்தைந்து. அப்போதுதான் ஓட்டுநர் தம்பி மெதுவாகச் சொன்னார்: "பத்து மணி நேரம்தான் அண்ணே. ஏழு மணிக்கு ஹோட்டல் வாசல்ல நின்னேன், அதுலேருந்து கணக்கு." அதாவது ஐந்து மணிக்கு வான் திரும்ப வேண்டும், பிந்தினால் மணிக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு.

இரவுச் சந்தைக்காகவே சனிக்கிழமையைத் தெரிவு செய்திருந்தோம், ஏனென்றால் அது வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும். சந்தை கூடுவதே வான் புறப்பட்ட பிறகுதான்! பன்னிரண்டு இடத்தை எழுதிய 13 பேரில் ஒருவர்கூட, நான் உட்பட, அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூட்டை வைத்துப் பார்க்கவில்லை.

சிவப்புச் சதுக்கத்தில் குழுப் படம் எடுக்க இருபத்தைந்து நிமிடம் போனது. எப்போதும் ஒருவர் குறைவார். அவரைத் தேடப் போனவர் அடுத்ததாகக் குறைவார். படம் முடிந்ததும் மாமி விக்டோரியா மகாராணி நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். "என்னால இனி ஏலாது, நீங்கள் போயிட்டு வாங்கோ." யார் அவரோடு நிற்பது என்று ஒரு சின்னச் சண்டை நடந்து, கடைசியில் நான் நின்றேன். மற்றவர்கள் புனித பவுல் குன்றுக்கு ஏறினார்கள். அண்ணி கத்தோலிக்கர், 1553இல் சவேரியாரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோக முன் சில மாதம் வைத்திருந்த இடம் அந்தக் குன்றின் மேலிருக்கும் இடிந்த தேவாலயம், அவருக்கு அந்த நாளில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மேலே எட்டு நிமிடம் கிடைத்ததாம். அதற்குள் கீழேயிருந்து மூன்று அழைப்பு.

இங்கே கீழே மாமி கைப்பையிலிருந்து முறுக்குப் பொதியை எடுத்தார். வெள்ளவத்தையில் வாங்கியது, ரப்பர் பட்டி இரண்டு சுற்றுப் போட்டது. ஒன்றை உடைத்து எனக்குப் பாதி தந்துவிட்டு, எதிரே இருந்த சிவப்புத் தேவாலயத்தை நெடுநேரம் பார்த்தார். எங்களுக்கு முன்னால் பூவும் பொம்மையும் ஒட்டிய ரிக்ஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போயின. மாமி அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"இஞ்ச பார், இது எங்கட வுல்பெண்டால் சேர்ச் எல்லோ? சிவப்புப் பெயின்ட் அடிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், பள்ளிக்கூடம் போகும்போது தினம் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவர். சுவரின் தடிப்பைப் பார், முகட்டைப் பார் என்றார். சரி, வாங்கோ என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். தரையில் பதித்திருந்த பழைய ஒல்லாந்துக் கல்லறைக் கற்களைக் கண்டதும், "நான் சொன்னனான்தானே" என்று ஒரு பார்வை. அன்றிரவு ஹோட்டலில் தேடிப் பார்த்தேன். மலாக்காத் தேவாலயம் கட்டி முடிந்தது 1753இல், கொழும்பு வுல்பெண்டால் 1757இல். நாலே வருட வித்தியாசம், கட்டியவர்கள் அதே ஒல்லாந்தர். 1641இல் மலாக்காவைப் போர்த்துக்கீசரிடம் பிடுங்கினார்கள், 1656இல் கொழும்பை. பிறகு இரண்டு ஊரும் ஆங்கிலேயரிடம் போயின. இவ்வளவையும் மாமி ஒரு முறுக்குத் தின்று முடிப்பதற்குள் கண்ணாலேயே பிடித்துவிட்டார்.

என் மலாக்கா அந்த அரை மணித்தியாலம்தான். மற்ற 11 பேரும் குன்றில் ஏறி, கோட்டை வாசலில் படம் எடுத்து, ஆறு இடத்தை முடித்தார்கள். எது பிடித்தது என்று வானில் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலை எண்ணியதுதான் ஞாபகம் என்றாள் தங்கச்சி.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லவேண்டும். தங்கச்சியை மாமியோடு விட்டுவிட்டு, செட்டி கிராமத்துக்கு நேரமில்லை, பொய்யாத விநாயகராவது பார்ப்போம் என்று பாலத்தைக் கடந்து ஓடினேன். செட்டிகளுக்கு ஒல்லாந்தர் கொடுத்த காணியில் 1781இல் எழுந்த கோயில். அந்தத் தெருவின் மலாய்ப் பெயருக்குப் பொற்கொல்லர் தெரு என்று அர்த்தம், நமக்கு நகைக்கு ஒரு செட்டியார் தெரு இருப்பதுபோல. மூச்சு வாங்கப் போய் நின்றால் நடை சாத்தியிருந்தது. பின்னே? எந்த ஊரில் விநாயகர் பின்னேரம் மூன்றே முக்காலுக்கு விழித்திருக்கிறார்? இதைக்கூட யோசிக்காமல் ஓடியவன்தான் இப்போது உங்களுக்குத் திட்டம் சொல்ல வந்திருக்கிறேன். ஐந்து இருபதுக்குப் புறப்பட்டோம். ஜோங்கர் தெருவில் கடைக்காரர்கள் அப்போதுதான் கூடாரம் விரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, விமான நிலையம் இருப்பது கோலாலம்பூருக்குத் தெற்கே, மலாக்கா போகும் பக்கம். அங்கிருந்து மலாக்காவுக்கு நேரடி பஸ்ஸே உண்டு. நாங்கள் இறங்கி, வடக்கே நகரத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்து அதே பக்கமாகத் திரும்பி வந்தோம். முதல் இரண்டு இரவையும் மலாக்காவில் போட்டிருந்தால் சந்தையும் கிடைத்திருக்கும், காலையில் விநாயகரும் விழித்திருப்பார். வரைபடத்தை ஒருவரும் திறக்கவில்லை.

அதனால் என் கருத்து இதுதான். கூட்டமாக வெளியூர் போகிறவர்கள் வானில் ஒன்றாக இருக்கட்டும், இறங்கியதும் பிரிந்துவிடட்டும். திரும்பும் நேரத்தை முதலில் எழுது, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு, மிஞ்சும் மணித்தியாலத்துக்கு ஆளுக்கு ஓர் இடம். சித்தப்பா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். "குடும்பமாப் போறதே ஒண்டா இருக்கத்தானே" என்பார். சித்தப்பா, வானில் போக வர ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஒன்றாகத்தானே இருந்தோம்? நீங்கள் பழைய பாட்டுப் பாடியது, பெரியம்மா சீட்டுக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னது, சின்னவன் என் மடியில் வாந்தி எடுத்தது எல்லாம் அங்கேதான். வீதியில் இறங்கிய பிறகு பதின்மூன்று பேருக்கும் தெரிவது முன்னால் போகிறவரின் முதுகு மட்டும். தொலைந்துவிடுவார்கள் என்று பயமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அங்கே மூன்று சிம் வாங்கினோம், அப்படியென்றால் மூன்று குழு, ஒவ்வொன்றிலும் ஒரு சிம். சாப்பாட்டுக்கும் அப்படியே, மரக்கறிக்காரர் ஒரு கடை, உருண்டைக்காரர் வேறு கடை. பிறகு கழிவறைக்குச் சில்லறை. ஆளுக்குச் சில சென்தான், ஆனால் 13 பேருக்கு வேண்டுமென்றால் ஒருத்தரிடமும் இருக்காது. அதையும் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருகிறேன். மச்சானின் திட்டத்தை எப்படிக் கூட்டினாலும் 350 கிலோமீட்டருக்குக் குறையாது, அதாவது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்துக்குக் கிட்ட, நடுவில் மூன்று ஊர் இறங்கி ஏறிக்கொண்டு. அதைவிட, காஞ்சிக் கோயில்கள் மத்தியானம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பத்து மணிக்கு மேல் போய் இறங்கினால் மலாக்கா விநாயகர் கதைதான். அதற்குமேல் பட்டுச் சேலைக் கடை. எங்கள் வீட்டுப் பெண்கள் காஞ்சிபுரத்தில் சேலைக் கடைக்குள் நுழைந்து ஒரு மணித்தியாலத்தில் வெளியே வருவார்கள் என்று நம்புகிறவர் கையைத் தூக்குங்கள்.

எனவே காஞ்சிபுரம் மட்டும். ஆறு மணிக்கு வான், காலைச் சாப்பாடு பார்சல். முதலில் பல்லவர் கட்டிய கைலாசநாதர், வெயில் ஏற முன். கோயில் சாத்தும் நேரம் முழுவதும் சேலைக் கடைக்கு, வேண்டாதவர்கள் எங்கேயாவது மரத்தடியில் படுக்கலாம். நாலு மணிக்கு ஏகாம்பரநாதர், ஆறரைக்குப் புறப்பாடு, வந்தவரோடு வான் போகும்.

இதைச் சுருக்கிக் குழுவிலும் போட்டுவிட்டேன். மாமி மட்டும் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: "சேலைக் கடையில இருக்கிறதுக்குக் கதிரை குடுப்பாங்களோ எண்டு கேட்டு வை." மச்சான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் பாண்டிச்சேரியை எடுத்துவிட்டு வேலூரைச் சேர்ப்பார், ஆளைத் தெரியும்.