முந்நூறு ரூபாயில் காணும் பொங்கல்

சுந்தரம்: மல்லிகா! மணி நாலரை. எழுந்திரு.

மல்லிகா: எதுக்கு?

சுந்தரம்: எதுக்கா? இன்னைக்குக் காணும் பொங்கல். பன்னிரண்டு பேர் மெரினாவுக்குப் போகிறோம். ஏழு மணிக்கெல்லாம் தங்கச்சிங்க ரெண்டு பேரும் குடும்பத்தோடு வந்து நிற்பாங்க.

மல்லிகா: வரட்டும். எனக்கு லீவு.

சுந்தரம்: யார் கொடுத்த லீவு?

மல்லிகா: நீங்கதான். நேற்று ராத்திரி கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னீங்க. 'நாளைக்கு உனக்கு லீவு மல்லிகா, அடுப்பு பக்கமே போக வேண்டாம், எல்லாம் நான் பிளான் பண்ணிட்டேன்.' உங்க அம்மாவே கேட்டுக்கொண்டுதான் இருந்தாங்க.

சுந்தரம்: ஐயோ, அது ஏழு மணிக்கு அப்புறம்!

மல்லிகா: அதை நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே சண்டை போட்டிருப்பேன். இப்போ தூக்கம் வருது.

சுந்தரம்: புளியோதரை மட்டும் கிளறிட்டால் போதும். கொஞ்சம் தயிர்சாதம். அதுக்கு மேலே நீ ஒரு துரும்பைக்கூடத் தூக்க வேண்டாம். இந்தப் பேப்பரைப் பார், எல்லாம் எழுதி வைத்திருக்கேன்.

(பேப்பர் என்பது கிழித்த தினசரி காலண்டர் தாள். பின்பக்கம் முழுக்கக் கணக்கு.)

மல்லிகா: லைட்டைப் போடாதீங்க. நீங்களே படிங்க.

சுந்தரம்: மொத்தச் செலவு முந்நூறு ரூபாய். பன்னிரண்டு பேருக்கு! தலைக்கு இருபத்தஞ்சு ரூபாயில் ஒரு நாள் பூரா அவுட்டிங். வண்டலூர் போயிருந்தால் பெரியவங்க டிக்கெட்டே இருநூறு. ஏழு பேருக்கு ஆயிரத்து நானூறு, வாசலிலேயே காலி.

மல்லிகா: கிண்டி சிறுவர் பூங்கா? 2024-ல் புதுசாக்கித் திறந்தாங்களே. நிழல் இருக்கும்.

சுந்தரம்: பெரியவங்களுக்கு அறுபது, பசங்களுக்குப் பத்து. கூட்டிப் பார், நானூற்று எழுபது. கதீட்ரல் ரோடு கலைஞர் நூற்றாண்டு பூங்கா நூறும் ஐம்பதும், தொள்ளாயிரத்து ஐம்பது. கடலுக்கு டிக்கெட் உண்டா?

மல்லிகா: இல்லை. மேலே படிங்க.

சுந்தரம்: பஸ், அறுபது ரூபாய். பெரம்பூரிலிருந்து 29ஏ, நேரா அண்ணா சதுக்கம். நீ, அம்மா, தேவி, கலா, பாப்பா எல்லாருக்கும் ஃப்ரீ. நானும் ரெண்டு மாப்பிள்ளைகளும் மட்டும்தான் டிக்கெட்.

மல்லிகா: பையன்கள் நாலு பேர்?

சுந்தரம்: அஞ்சு வயது வரைக்கும் இலவசம்.

மல்லிகா: நம்ம பையனுக்கு ஒன்பது.

சுந்தரம்: கொஞ்சம் குனிந்து நிற்கச் சொல்லலாம். ஆனால் ஒன்று. பிங்க் கலர் பஸ் வந்தால்தான் நீங்க ஏறணும். டீலக்ஸ் வந்தால் ஏறக் கூடாது, காசு கேட்பான்.

மல்லிகா: நீங்க எதில் ஏறுவீங்க?

சுந்தரம்: முதலில் எது வருதோ அதில். முன்னாடியே போய் இடம் பிடிக்க வேண்டாமா?

மல்லிகா: சரி. அப்புறம்?

சுந்தரம்: சுண்டல் நூறு. பஞ்சுமிட்டாய் ஐம்பது. இதர, தொண்ணூறு. அவ்வளவுதான்.

மல்லிகா: சாப்பாடு?

சுந்தரம்: அதான் புளியோதரை. செலவு பூஜ்யம்.

மல்லிகா: பூஜ்யமா? பன்னிரண்டு பேருக்கு எத்தனை படி அரிசி?

சுந்தரம்: வீட்டில் இருக்கிறது தானே!

மல்லிகா: புளி?

சுந்தரம்: வீட்டில் இருக்கிறது தானே!

மல்லிகா: நல்லெண்ணெய், நிலக்கடலை, கடலைப்பருப்பு, பெருங்காயம்? சிலிண்டர் வாங்கினபோது 868 ரூபாய் 50 காசு என்று நீங்கதான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீங்க.

சுந்தரம்: அது வீட்டுச் செலவு. அவுட்டிங் செலவில் வராது. ரெண்டையும் குழப்பாதே.

மல்லிகா: குழப்பலை. நானும் வீட்டில் இருக்கிறவள் தானே. அதனால் என்னையும் பூஜ்யத்தில் போட்டிருக்கீங்க.

சுந்தரம்: காலங்கார்த்தாலே ஆரம்பிக்காதே.

மல்லிகா: ஆரம்பித்தது நீங்க. நாலரைக்கு. அந்த 'இதர' தொண்ணூறு என்ன?

சுந்தரம்: அது சில்லறைச் செலவு.

மல்லிகா: என்ன சில்லறை?

சுந்தரம்: டீ.

மல்லிகா: பன்னிரண்டு பேருக்குத் தொண்ணூறு ரூபாயில் டீயா?

சுந்தரம்: இல்லை... எனக்கும் மாப்பிள்ளைகளுக்கும். பதினைந்து ரூபாய் டீ, ஆளுக்கு ரெண்டு. மாப்பிள்ளைங்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா?

மல்லிகா: பொம்பளைங்களுக்கு?

சுந்தரம்: உங்களுக்குத்தான் ஃபிளாஸ்கில் நீ போட்டு எடுத்து வர்ற டீ இருக்கே! பால் வீட்டில்...

மல்லிகா: இருக்கிறது தானே.

சுந்தரம்: பார், உனக்கே புரிந்துவிட்டது.

(இந்தக் காலண்டர் தாள் சுந்தரத்தின் கண்டுபிடிப்பு இல்லை. பொங்கல் வாரம் வந்தால் சென்னையில் இப்படி ஒரு பட்டியல் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடும். ஜீரோ பட்ஜெட்டில் சென்னையைச் சுற்றலாம் என்று தலைப்பு இருக்கும். இடம், பஸ் நம்பர், டிக்கெட் விலை, வார விடுமுறை எல்லாம் பிசகாமல் இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'வீட்டிலிருந்தே சாப்பாடு எடுத்துச் சென்றால் செலவு மிச்சம்.' சாப்பாடு தானாகவே பையில் ஏறி உட்காரும் என்று நம்புகிற ஆண்கள்தான் அந்தப் பட்டியலை எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.)

மல்லிகா: மேலே ஏதோ 'வரவு' என்று தெரியுதே. அவுட்டிங்கில் வரவு ஏது?

சுந்தரம்: அது... ஒண்ணுமில்லை.

மல்லிகா: படிங்க.

சுந்தரம்: ஐந்நூறு.

மல்லிகா: எந்த ஐந்நூறு?

சுந்தரம்: உன் தம்பி பொங்கல் சீர் என்று உன் கையில் கொடுத்தானே...

மல்லிகா: ஓகோ. வரவு ஐந்நூறு, செலவு முந்நூறு. மெரினாவுக்குப் போய் இருநூறு ரூபாய் லாபத்தோடு திரும்பப் போகிற ஒரே ஆள் நீங்கதான். பீச்சில் கடை போட்டிருக்கிறவங்களுக்கே அவ்வளவு கிடைக்குமா, தெரியலை.

சுந்தரம்: சும்மா எழுதிப் பார்த்தேன்.

மல்லிகா: உங்க தங்கச்சிங்களுக்கு நீங்க செய்ய வேண்டிய சீர்?

சுந்தரம்: அவங்களுக்குத்தான் புளியோதரை போடறோமே!

மல்லிகா: யாரு போடறோம்?

சுந்தரம்: சரி சரி. கரும்பை மறந்துவிடாதே. ரேஷனில் கொடுத்த முழுக் கரும்பு இன்னும் அப்படியே இருக்கு. பசங்களுக்குத் தின்ன ஆச்சு.

மல்லிகா: ஆறடிக் கரும்பை 29ஏ-வில் ஏற்றப் போறீங்களா? காணும் பொங்கல் அன்றைக்கா? எவர் கண்ணையாவது குத்தினால் ஆஸ்பத்திரிச் செலவு எந்த வரியில் வரும்?

சுந்தரம்: துண்டு போட்டு எடுத்துக்கலாம்.

மல்லிகா: யார் துண்டு போடறது?

சுந்தரம்: அரிவாள்மனை வீட்டில்...

மல்லிகா: சொல்லாதீங்க.

சுந்தரம்: பிளாஸ்டிக் கவர், பிளாஸ்டிக் தட்டு எதுவும் வேண்டாம். 2019-லிருந்து தடை. எவர்சில்வர் தட்டு பன்னிரண்டு எடுத்துக்கோ. சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

மல்லிகா: திரும்பி வந்து பன்னிரண்டு தட்டையும் மணலோடு தேய்க்கிறது சுற்றுச்சூழலா, நானா?

சுந்தரம்: தண்ணி வீட்டில் இருக்கிறது தானே!

மல்லிகா: உங்க அம்மாவுக்கு முட்டி வலி. மணலில் எப்படி நடப்பாங்க?

சுந்தரம்: அதுக்கும் யோசித்துவிட்டேன். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் மரப்பாதை போட்டாங்களே, அதில் போயிடலாம்.

மல்லிகா: அது சக்கர நாற்காலிக்காரங்களுக்குப் போட்டது. இன்னைக்கு அதில் பாதிப் பேர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பாங்க. அது கிடக்கட்டும். அண்ணா சதுக்கத்தில் இறங்கி விவேகானந்தர் இல்லம் வரைக்கும் அம்மாவை யார் நடத்திக் கூட்டிக்கொண்டு வர்றது? காமராஜர் சாலையில் டிராஃபிக்கைத் திருப்பி விட்டால் அண்ணா சதுக்கம் வரைக்கும்கூட பஸ் போகுமோ என்னவோ.

சுந்தரம்: நீ கையைப் பிடித்துக்கொண்டு மெதுவா...

மல்லிகா: எந்தக் கை? வலது கையில் புளியோதரைத் தூக்கு. இடது கையில் பாப்பா. தோளில் தட்டுப் பை. வாயில் வேண்டுமானால் ஃபிளாஸ்கைக் கவ்விக்கறேன்.

சுந்தரம்: பாப்பாவை நினைத்துப் பயப்படாதே. போலீஸ்காரங்க கையில் பட்டை கட்டுறாங்க. பேர், போன் நம்பர் எல்லாம் எழுதி.

மல்லிகா: போன வருஷமும்தான் கட்டினாங்க. யார் நம்பர் கொடுத்தீங்க?

சுந்தரம்: என் நம்பர்.

மல்லிகா: பகல் ஒரு மணிக்கு உங்க போன்?

சுந்தரம்: சார்ஜ் போயிடுச்சு.

மல்லிகா: உழைப்பாளர் சிலையோட நாற்பது போட்டோ எடுத்தால் போகாமல் என்ன செய்யும்? குழந்தை தொலைந்திருந்தால் போலீஸ் சுவிட்ச் ஆஃபுக்குத்தான் போன் பண்ணியிருக்கும்.

சுந்தரம்: தொலையலையே!

மல்லிகா: ஏன் தொலையலை? நாள் பூரா நான் அவள் கையை விடலை. எல்லாரும் கடலைக் கண்டாங்க, நான் அவள் பின்மண்டையைக் கண்டேன். கடலும் அங்கே தெரிந்தால்தானே. குளிக்கக் கூடாது என்று சவுக்குக் கட்டையில் தடுப்பு கட்டி, குதிரையில் போலீஸ் நிற்குது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று முன்னாடி இருக்கிறவர் முதுகைப் பார்க்கணும். அதுக்கு உங்க முதுகையே பார்க்கலாம். அது வீட்டில் இருக்கிறது தானே.

சுந்தரம்: அப்படியானால் உனக்கு வெளியே வரவே பிடிக்கலையா? எத்தனை பேர் சந்தோஷமா வர்றாங்க!

மல்லிகா: எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போவார். அம்மா மட்டும் எப்பவும் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் சிரியேன் என்று நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குக் காரணம் தெரிந்தது.

சுந்தரம்: என்ன காரணம்?

மல்லிகா: தண்ணிக்கு எவ்வளவு எழுதியிருக்கீங்க?

சுந்தரம்: பூஜ்யம். ஆளுக்கு ஒரு பாட்டில், குழாய்த் தண்ணி காய்ச்சினது.

மல்லிகா: உங்க அம்மா, தேவி, கலா, நான். நாலு பாட்டிலைக் குறைச்சுக்கோங்க. நாங்க இப்போ குடிக்கிற ஒரு வாய் காபியோடு சரி. திரும்பி வீட்டுக்கு வர்ற வரைக்கும் தொட மாட்டோம்.

சுந்தரம்: ஏன்? விரதமா?

மல்லிகா: விரதம்தான். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை வரிசையில் நின்றால் பாப்பாவுக்குக் கல்யாண வயது வந்துவிடும். உங்களுக்கென்ன, சுவர் இருக்கு. எங்களுக்குத் தாகத்தை அடக்குவதுதான் வழி. போன வருஷம் அம்மா வந்ததும் ரெண்டு நாள் நீர்க்கடுப்பு என்று படுத்தாங்களே, வெயில் என்று நினைத்தீங்க. கிண்டி என்று ஏன் சொன்னேன் தெரியுமா? நிழலுக்காக மட்டும் இல்லை. அங்கே உள்ளே போனால் தண்ணி குடிக்கலாம். டிக்கெட்டுக்கு நானூற்று எழுபது ரூபாய் கூட ஆகும். உங்க இதரவில் பாதி டீயை விட்டுக் கொடுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்.

சுந்தரம்: ...

மல்லிகா: எழுதிக்கோங்க. எழுதுறேன் என்று பேனாவைத் தேடாதீங்க, காதில் இருக்கு.

சுந்தரம்: சரி. இப்போ என்ன செய்யணும் என்கிறே?

மல்லிகா: நான் ஒன்றும் சொல்லலை. லீவில் இருக்கேன்.

சுந்தரம்: புளியோதரை இல்லாமல் பன்னிரண்டு பேரை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? ஓட்டலில் கேட்டால் தலைக்கு நூறு, நூற்றிருபது சொல்வான். ஆயிரத்து நானூறு தாண்டும்!

மல்லிகா: அதேதான் வண்டலூர் டிக்கெட். பார்த்தீங்களா, நாலரையிலிருந்து ஏழு வரைக்கும் நான் எவ்வளவு சம்பாதிக்கிறேன்!

சுந்தரம்: இரு, போன் அடிக்குது. தேவி. பாவம், கிளம்பிட்டாளோ என்னவோ. நீயே பேசு, எனக்கு வாய் வராது.

மல்லிகா: கொடுங்க. ...சொல்லு தேவி. ...ஆமாம், எழுந்துட்டார். ...நான் படுத்திருக்கேன். ...அட! ...எத்தனை மணிக்கு? ...மாப்பிள்ளை என்ன சொன்னார்? ...பேப்பரா? எவ்வளவு போட்டிருக்கார்? ...இருநூற்றி எண்பதா! இவர் முந்நூறு. ...சரி சரி, நீ படு. நானும் படுக்கறேன். ...கிண்டிதான், பதினோரு மணிக்கு மேலே. வைக்கறேன்.

சுந்தரம்: என்னவாம்?

மல்லிகா: மாப்பிள்ளை நேற்று ராத்திரி அவளுக்கும் லீவு கொடுத்தாராம். தயிர்சாதம் அவர் கணக்கிலும் இருக்காம், பூஜ்யம் போட்டு.

சுந்தரம்: அப்படியானால் இப்போ அங்கே யார் சமைக்கிறது?

மல்லிகா: மாப்பிள்ளைதான். கேஸ் லைட்டர் எங்கே இருக்கு என்று அரை மணி நேரமா தேடுறாராம்.

சுந்தரம்: நம்ம லைட்டர் எங்கே?

மல்லிகா: வீட்டில்தான்.